ஸ்பீக்கருக்குக் கவசம் வாங்கப்போய் குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்த கதை

வீட்டில் நடை பழகும் குழந்தையும் இருக்கிறது, ஆசைப்பட்டு வாங்கிய ஸ்பீக்கரும் இருக்கிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "குழந்தை விரல் படாத கிரில், ஸ்க்ரூ வேண்டாம், காந்தமே பிடித்துக்கொள்ளும்" என்று ஸ்பீக்கரின் முன்பக்கக் கவசத்தை ஆன்லைனில் யாராவது விற்றால் கொஞ்சம் நிதானியுங்கள்.

மகளுக்கு ஒன்றேகால் வயது. போன மாதம் வலப்பக்க ஸ்பீக்கரின் ட்வீட்டரை (மெல்லிய, உச்ச ஒலிகளைத் தரும் சின்னப் பகுதி) விரலால் அழுத்தி உள்ளே தள்ளிவிட்டாள். அந்த ஒரு அங்குலத் துணிக் குமிழைப் பார்த்தால் எனக்கே அழுத்திப் பார்க்கத் தோன்றும், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஸ்பீக்கரோடு வந்த துணி கிரில் தூசியைத்தான் தடுக்கும், விரலைத் தடுக்காது. உலோகக் குமிழாக இருந்திருந்தால் மடிப்பு விழுந்து போயே போயிருக்கும். துணி என்பதால் மாஸ்க்கிங் டேப்பை மெல்ல ஒட்டி இழுத்ததும் எழுந்துவிட்டது.

"ஏன்டா, அதைத் தூக்கிப் பரண்ல போடேன்" என்றார் அம்மா. கேட்டிருக்கலாம்.

நான் கவசம் தேடினேன். அளவு அனுப்பினால் துளையிட்ட இரும்புத் தகட்டில் செய்து தருகிறோம் என்று ஒருவர் சொன்னார். ஜோடி 3,800 ரூபாய், முழுப் பணமும் முன்பணம். ஸ்பீக்கர் பெட்டியின் நான்கு மூலையிலும் சிறு காந்தம் ஒட்டிக்கொண்டால் இரும்புக் கவசம் தானாகப் பிடித்துக்கொள்ளுமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பத்து நாளில் பார்சல் வந்தது. கையில் எடுத்ததுமே லேசாக இருந்தது. ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. இரும்பு என்று சொல்லி அலுமினியத்தை அனுப்பியிருக்கிறார்! அலுமினியத்தில் காந்தம் பிடிக்காதே, அதற்கு என்ன செய்திருந்தார் தெரியுமா? கவசத்தின் பின்பக்கம் மூலைக்கொரு காந்தத்தைக் குளூ கன் பசையால் ஒட்டிவிட்டார். பெட்டியில் நாம் ஒட்டுவதற்கு அதே எண்ணிக்கையில் இன்னொரு செட், இருபக்க டேப்போடு. ஆக மொத்தம் 16 காந்தம். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு, பளபளவென்று வெள்ளி நிறம். குழந்தை எடுத்து வாயில் போட இதைவிட வேறென்ன வேண்டும். விளிம்பையும் மடிக்காமல் வெட்டியபடியே விட்டிருந்தார், பிளேடு போல.

அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். விளிம்பில் டேப் சுற்றி மாட்டினேன். அந்தத் தப்பு என்னுடையது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் கவசத்தை இழுத்திருக்கிறாள். காந்தத்துக்கும் காந்தத்துக்கும் இருந்த பிடி, பசையின் பிடியைவிட அதிகம். பசையும் டேப்பும் பிய்ந்துகொண்டு வந்துவிட்டன, கூடவே பெட்டியின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய மரத் தோலான வெனீரும் ஒரு விரல் அகலத்துக்கு உரிந்தது. மனைவி ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் கையில் ஒரு காந்தம். தரையெல்லாம் தேடிப் பொறுக்கி, அதையும் சேர்த்து எண்ணினால் 15தான் இருந்தது.

ஒரு காந்தம் வயிற்றுக்குள் போனால் தானாக வெளியே வந்துவிடும் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும். ஒன்றுக்கு மேல் உள்ளே போனால், குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு திசுவை நசுக்கும். ரத்த ஓட்டம் நின்று குடலில் ஓட்டை விழும். ஆரம்பத்தில் சாதாரண வாந்தி, வயிற்றுவலி போலத்தான் தெரியும். பதற்றத்தில் எண்ணியது சரிதானா என்று நமக்குத் தெரியாத வரை, ஒன்றுதான் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. போனில் கேட்டதற்கு டாக்டர், "வாந்தி எடுக்க வைக்காதீங்க, எதுவும் கொடுக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை. அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் வரவில்லை.

பதினாறாவது காந்தம் மறுநாள் கிடைத்தது. ஸ்பீக்கர் ஸ்டாண்டின் இரும்பு அடித்தட்டுக்குக் கீழே சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது.

விற்றவரை அழைத்தேன். முதலில் "கஸ்டம் ஆர்டர் சார், ரிட்டர்ன் கிடையாது" என்றார். அலுமினியம் ஏன் என்றதற்கு, "துருப்பிடிக்காது சார், உங்க நல்லதுக்குத்தான்". எக்ஸ்ரே கதையைச் சொன்னதும், "குழந்தையைப் பாத்துக்கறது உங்க வேலைதானே சார்". இந்தப் பேச்சுதான் என்னை இதை எழுத வைத்தது.

பொம்மை என்றால் 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இது பொம்மை இல்லையே, யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம். ஆனால் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். அவர் "இரும்பு" என்று எழுதிய வாட்ஸ்அப் செய்தி, காந்தம் ஒட்டாத வீடியோ, பில் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். ஆர்டர் போடும்போதே பேச்சை எழுத்தில் வாங்கி வைத்தது ஒன்றுதான் நான் செய்த உருப்படியான வேலை.

இப்போது ஸ்பீக்கர்கள் ஐந்தடி உயரத்தில், சுவரில் துளை போட்டு மாட்டிய பிராக்கெட்டில் இருக்கின்றன. வயரை பைப்புக்குள் விட்டாயிற்று. ஆளுயர டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ட்வீட்டரைவிட அது சாய்வதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். பின்பக்கம் பட்டி போட்டுச் சுவரோடு கட்டுங்கள். கனத்த பேஸ் ஒலிக்கான சப்வூஃபர் பெட்டி மட்டும் தரையில்தான். அதன் காற்றுத் துளைக்குள்ளிருந்து நேற்று ஒரு ஸ்பூனும் பாதி முறுக்கும் எடுத்தேன்.

கவசம் விற்றவர் நேற்று மறுபடி கூப்பிட்டார். நான் போட்ட ரிவ்யூவை எடுத்துவிட்டால் 1,500 ரூபாய் அனுப்புகிறாராம். எடுக்கப்போவதில்லை.