நிப்பிள் உடைந்த எரிபொருள் டேங்க்: ஒட்டுவதா, உருக்குவதா, பித்தளை போடுவதா?

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை என நம் கரைகளிலும், கேரள எல்லை தாண்டினால் பொழியூர், பூவார் வரையிலும், பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய பைபர் வள்ளங்களை அடிக்கடி தவிக்கவிடுவது எஞ்சினைவிட எரிபொருள் டேங்கிலிருந்து டியூப் புறப்படும் இடத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நிப்பிள்தான். அது விரிசல் விட்டால் கெடுதல் இரண்டு விதமாக வரும். டேங்கின் அடியில் பொருத்தியிருந்தால் எரிபொருள் ஒழுகும். கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். மேலே பொருத்தியிருந்தால் ஒழுகாது, காற்றை உறிஞ்சும். எஞ்சின் மெதுவாக ஓடும்வரை குறை தெரியாது. முழு வேகம் கொடுத்ததும் எரிபொருள் போதாமல் திணறி நின்றுவிடும். ஆனி, ஆடி மாதங்களில் அலை உடையும் இடத்தைத் தாண்டும்போதுதான் முழு வேகம் தேவைப்படும் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

டேங்கைக் குற்றம் சொல்வதற்கு முன் இரண்டைப் பார்த்துவிட வேண்டும். மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, டியூப்பின் நடுவில் இருக்கும் ரப்பர் பந்து சப்பிப்போகும். அடுத்து, எஞ்சின் பக்கம் மாட்டும் கனெக்டரில் உள்ள ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா? இவை சரியாக இருந்து, நிப்பிளின் வேரில் சோப்பு நீர் தடவி, டேங்குக்குள் லேசாகக் காற்று ஊதும்போது குமிழி வந்தால் நோய் அங்கேதான். ஆனால் கம்ப்ரசர் காற்றைச் செலுத்தவே கூடாது. தட்டையான சுவருள்ள டேங்க் அதைத் தாங்காது.

அடைக்கும் வழிகளை ஒப்பிடும்போது 'எது நன்றாக ஒட்டும்' என்ற கேள்வியோடுதான் பெரும்பாலானோர் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியே தவறு என்பது என் கருத்து. நிப்பிள் தானாக உடைவதில்லை. துறைமுகச் சுவரில் அணையும் படகில் டேங்க் ஒரே இடத்தில் இருக்கும். மணலில் ஏற்றும் வள்ளத்தில் அப்படியில்லை. டேங்காகப் பயன்படும் கேனை டியூப்போடு சேர்த்துத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவருகிறோம், மறுபடி கொண்டுபோகிறோம். டியூப் எதிலாவது மாட்டிக்கொள்ளும், யாராவது மிதிப்பார்கள், வலை அதன்மேல் விழும். ஒவ்வொரு இழுப்பும் நெம்புகோல்போல நிப்பிளின் வேரில் இறங்குகிறது. ஆகவே நான் கேட்கும் கேள்வி இது: டியூப் இழுக்கும்போது அந்த விசை எங்கே போகிறது? ஒட்டிய இடத்துக்கா, உருக்கிய இடத்துக்கா, டேங்கின் சுவருக்கா?

முதலில் எபாக்சி என்ற பசை. இரண்டு குழாய்களைப் பிதுக்கிக் கலக்கும் வகையும், மக்குபோலப் பிசையும் வகையும் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். "அண்ணே, சும்மா வைத்து அடைத்துத் தாருங்கள்" என்று மெக்கானிக்கிடம் கேட்பவர்கள் மனதில் இருப்பதும் இதுதான். டேங்க் இரும்பாக இருந்தால் நானும் யோசிப்பேன். ஆனால் நம் டேங்குகளும் கேன்களும் பெரும்பாலும் உயர் அடர்த்தி பாலிஎதிலீன். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கும். இந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு மெழுகு பூசியதுபோல எதையும் தன்மேல் படரவிடாது. உடனடிப் பசைகளைப் பாலிஎதிலீன் குப்பியிலேயே அடைத்து விற்கிறார்கள். அந்தக் குப்பியில் அது ஒட்டாது என்பதால்தான் அப்படி விற்க முடிகிறது. எபாக்சியும் இதே சுவரில் முட்டி நிற்கும். காய்ந்ததும் கல்லாக இருக்கும், தட்டினால் உறுதியாகத் தெரியும், ஆனால் அடியில் பிடிப்பு இருக்காது. டேங்க் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். எபாக்சி அந்த அளவுக்கு அசையாது. சில நாளில் விளிம்பு தூக்கி, முழு வில்லையாகக் கழன்று வந்துவிடும்.

மேற்பரப்பைத் தீச்சுவாலையால் லேசாகத் தடவினால் பிடிப்பு கூடும் என்பது உண்மை. தொழிற்சாலைகளில் அச்சிடுவதற்கு முன் அப்படிச் செய்கிறார்கள். பெட்ரோல் இருந்த டேங்கின் பக்கத்தில் தீயைக் கொண்டுபோகச் சொல்லும் யோசனையை நான் காதில் வாங்கமாட்டேன். பாலிஎதிலீனுக்கென்றே செய்த அக்ரிலிக் பசைகளும் உண்டு. விலை அதிகம், வாங்கி வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். அவற்றால் தட்டைப் பரப்புகளை ஒட்டலாம். விரல் அகலமுள்ள வளையத்தில், எரிபொருளில் ஊறியபடி, டியூப்பின் இழுப்பையும் தாங்க வேண்டும் என்று அவற்றிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. எபாக்சிக்கு என் பட்டியலில் இடமில்லை.

உருக்கி இணைப்பது வேறு விஷயம். சரியாகச் செய்தால் பாலிஎதிலீன் பாலிஎதிலீனோடு ஒன்றாகிவிடும். தனியாக ஒட்டு என்று ஒன்று இருக்காது. குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் தண்ணீர்த் தொட்டிகளையும் வண்டிகளின் பம்பரையும் பற்றவைப்பவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். ஆனால் இங்கே மூன்று தடைகள் உண்டு.

ஒன்று, நிப்பிள் எந்தப் பிளாஸ்டிக்? டேங்க் பாலிஎதிலீனாக இருந்தாலும் நிப்பிள் பல நேரங்களில் நைலான். பாலிஎதிலீன் சுமார் 130 டிகிரி செல்சியசில் உருகும்; நைலானுக்கு 220 வரை போக வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் ஒன்று எரியும், மற்றொன்று இளகியே இருக்காது. ஆறிய பிறகும் இணையாது. சின்னத் துண்டைச் சீவித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: பாலிஎதிலீன் மிதக்கும், நைலான் மூழ்கும். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, ஆனால் செய்பவர்கள் குறைவு.

இரண்டு, டேங்கின் சுவர் எரிபொருளைக் குடித்திருக்கும். பாலிஎதிலீனுக்குள் பெட்ரோல் மெல்ல ஊடுருவும். ஆண்டுக்கணக்கில் பயன்பட்ட டேங்கில் சூட்டுமுனையை வைத்ததும் குமிழி குமிழியாகப் பொங்குவது அதனால்தான். பொங்கிய இணைப்பு பஞ்சுபோல ஓட்டைகளோடு இறுகும். மேற்தோலை நன்றாகச் சுரண்டி எடுத்து, விரிசலை 'வி' வடிவில் அகழ்ந்து, அதே வகைக் கேனிலிருந்து வெட்டிய கீற்றை நிரப்புப் பொருளாக வைத்துச் செய்தால் பிடிக்கும். சால்டரிங் அயர்னின் முனை சாதாரணமாக 300 டிகிரியைத் தாண்டும். பிளாஸ்டிக் பழுப்பாக மாறினால் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவதுதான் என்னை அச்சப்படுத்துகிறது. பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம்வரை கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். நிறைந்த டேங்கைவிடக் காலியான டேங்க் ஆபத்தானது என்பது இந்தக் கணக்கால்தான்: உள்ளே திரவம் இல்லை, ஆவியும் காற்றும் சரியான அளவில் இருக்கின்றன. "நாங்கள் மண்ணெண்ணெயில்தானே ஓட்டுகிறோம்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். மண்ணெண்ணெயின் தீப்பற்று நிலை, அதாவது பொறி பட்டால் பற்றுமளவு ஆவி எழும் சூடு, 35 டிகிரிக்கு மேல் என்பது சரி, ஆனால் நண்பகல் மணலில் கிடக்கும் கேன் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு, கிளப்புவதற்குப் பெட்ரோலும் பிறகு மண்ணெண்ணெயும் என்று ஓட்டுகிற வள்ளங்களில் எந்தக் கேனில் எப்போது எது இருந்தது என்று யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? உருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், சோப்புத் தண்ணீரால் பலமுறை அலசி, மூடி திறந்து நிழலில் நாட்கணக்கில் காயவைத்து, வேலை செய்யும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பிக்கொள்ள வேண்டும். தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆவி நிற்க முடியாது. அதன் பிறகும் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். இத்தனையையும் பொறுமையாகச் செய்கிறவர் கிடைத்தால் டேங்க் சுவரில் விழுந்த விரிசலுக்கு உருக்குவதே சிறந்தது. நிப்பிளுக்கு அல்ல, வேரில் மறுபடியும் அதே நெம்புகோல்தான் வேலை செய்யும்.

இனிப் பித்தளை. சுவரில் துளை போட்டு, உட்பக்கம் ஒரு விளிம்பு, வெளிப்பக்கம் ஒரு நட், இடையில் டேங்கின் சுவர் என்று இறுக்கிப் பிடிக்கும் பொருத்து. எதுவும் ஒட்ட வேண்டியதில்லை, உருக வேண்டியதில்லை. டியூப் இழுக்கும்போது விசை விளிம்பு முழுக்கப் பரவிச் சுவருக்குப் போகிறது. நான் கேட்ட கேள்விக்கு நேரான விடை தருவது இது ஒன்றுதான்.

பொருள் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். வீட்டு மாடித் தொட்டிக்குப் போடும் டேங்க் நிப்பிள் பித்தளையிலும் கிடைக்கிறது, உடல் நன்றாகவே இருக்கும். ஆனால் அதோடு வரும் வாஷர் தண்ணீருக்கானது. அந்த ரப்பர் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஊதிப் பெருத்து மாவாகும். வாஷரைத் தூக்கிப்போட்டுவிட்டு, வண்டி உதிரிபாகக் கடையில் ஆயிலுக்கும் பெட்ரோலுக்கும் ஏற்ற நைட்ரைல் வாஷர் கேளுங்கள். விட்டான் என்ற ரப்பரில் கிடைத்தால் இன்னும் நல்லது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் ரப்பரின் தரம் முன்னைவிட முக்கியமாகிவிட்டது. சந்தேகம் இருந்தால் வாஷரை ஓரிரவு பெட்ரோலில் ஊறவைத்து, புது வாஷரோடு வைத்து அளவு பாருங்கள்.

பொருத்தும் முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. சாதாரண மின் துரப்பணத்தின் மோட்டாருக்குள் பொறி பறக்கும். கையால் சுற்றும் துரப்பணமே பாதுகாப்பு. பழைய துளையைத் தட்டையான இடத்தில் வட்டமாகப் பெருக்கிக்கொள்ளலாம். உள்ளே கை நுழையாது என்பதால் பலர் இந்த வழியையே கைவிடுகிறார்கள். அதற்கு மெல்லிய கம்பியைத் துளை வழியாக விட்டு எரிபொருள் ஊற்றும் வாய் வழியே வெளியே எடுங்கள். பொருத்தையும் வாஷரையும் அதில் கோத்து, உட்பக்கமாக இழுத்தால் தானாகத் துளையில் வந்து உட்காரும். நட்டைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று போதும். பாலிஎதிலீன் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்துகொடுக்கும் தன்மை உள்ளது, எனவே மறுநாள் இன்னொரு முறை தொட்டு இறுக்க வேண்டும். மரைகளில் வெள்ளை டேப் சுற்றாதீர்கள். அதன் நார் பிய்ந்து கார்புரேட்டரின் நுண்துளையில் போய் உட்கார்ந்துவிடும். எரிபொருள் தாங்கும் திரவ சீலன்ட் கொஞ்சம் தடவினால் போதும். வளைந்த சுவரிலும் மூலைக்கு மிக அருகிலும் இந்தப் பொருத்து சரியாக உட்காராது. இதன் ஒரே பெரிய குறை அதுதான்.

பித்தளைக்கும் மேலாக நான் வைப்பது, அடியில் உள்ள துளையை மரை போட்ட அடைப்பானால் மூடிவிட்டு, எரிபொருளை மேலிருந்து எடுப்பது. அவுட்போர்டு எஞ்சினில் எரிபொருள் பம்ப் இருக்கிறது, அது உறிஞ்சி எடுக்கும். ஈர்ப்பு விசையின் தயவு தேவையில்லை. மேல் சுவரில் அதே பித்தளைப் பொருத்து, அதிலிருந்து உள்ளே இறங்கும் விறைப்பான குழாய். குழாயின் முனை அடித்தளத்திலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். மண்ணெண்ணெயில் கலந்த தண்ணீரும் மண்ணும் அந்த இடைவெளியில் தங்கும், எஞ்சினுக்குப் போகாது. பொருத்து என்றாவது தளர்ந்தாலும் வள்ளத்தின் அடித்தளத்தில் எரிபொருள் குளம் கட்டாது. ஆனால் கழன்ற டியூப்பின் முனை எரிபொருள் மட்டத்துக்குக் கீழே தொங்கினால் அது தானாக வடிந்துகொண்டே இருக்கும். கனெக்டரில் தானாக மூடிக்கொள்ளும் அடைப்பு சரியாக இருப்பது அவசியம். எஞ்சினின் தலையிலேயே டேங்க் உட்கார்ந்திருக்கும் சின்னஞ்சிறு எஞ்சின்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் எரிபொருள் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும், அடிப் பொருத்தைத் தவிர்க்க முடியாது.

புது டேங்க் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுவர் வெளுத்து, நகத்தால் கீறினால் தூள் வந்தால், வெயில் அதைத் தின்றுவிட்டது. எந்தப் பொருத்தும் அதைக் காப்பாற்றாது. கறுப்பு டேங்க் வெள்ளைக் கேனைவிட நீடிக்கும், ஏனெனில் அதில் கலந்துள்ள கார்பன் கருமை புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. ரசாயனம் வந்த பழைய கேன்களை மலிவு என்று வாங்கி எரிபொருள் ஊற்றுவதை விட்டுவிடலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் டியூப்பை டேங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, கைப்பிடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். இழுப்பு கைப்பிடியோடு நின்றுவிடும், நிப்பிளுக்கு வராது. கட்டும் கயிறு டியூப்பை நசுக்காத அளவுக்கு அகலமாக இருக்கட்டும்; பழைய சைக்கிள் டியூப்பின் கீற்று இதற்கு நன்றாகப் பயன்படும். டியூப்பை நிப்பிளில் இறுக்கும் கிளிப் எவர்சில்வரில் இருக்கட்டும், மற்றவை நம் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை.