பாண்டியில் எங்கே தங்குவது? சின்ன ஹாஸ்டலும் அதன் போட்டியாளர்களும்

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக 150 கிலோமீட்டர் சொச்சம், பெங்களூரிலிருந்து ஒரு ராத்திரி பஸ். வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பும் கூட்டத்தை நம்பியே புதுச்சேரியில் தங்குமிடங்கள் பெருகிவிட்டன. கையில் அதிகம் காசில்லாமல், தனியாகவோ ஒரு நண்பரோடோ போகிறவருக்கு இன்று நான்கு வழிகள் உண்டு. பழைய வீடொன்றில் பத்துப் பதினைந்து கட்டில் போட்டு நடத்தும் சின்ன ஹாஸ்டல், ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் செயின் ஹாஸ்டல், பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள லாட்ஜ், அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் விடுதி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனி ஆள், வார நாள் என்றால் சின்ன ஹாஸ்டல்தான். சனிக்கிழமை ராத்திரி என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சின்ன ஹாஸ்டல்களைப் பற்றி ஜனங்கள் எழுதும் விமர்சனங்களைப் படித்தால் ஒரு வேடிக்கை புரியும். "வீட்டில் இருந்த மாதிரி இருந்தது" என்று ஒருவர் பத்துக்குப் பத்து போடுவார். அதே வாரம் தங்கிய இன்னொருவர் "யாரோ ஒருத்தர் வீட்டில் இருந்த மாதிரி இருந்தது" என்று ஐந்தோடு நிறுத்திக்கொள்வார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அங்கே பிடித்ததும் பிடிக்காததும் தனித்தனி விஷயங்கள் அல்ல. எந்தக் காரணத்தால் ஒருவருக்குப் பிடிக்கிறதோ அதே காரணத்தால்தான் இன்னொருவர் விட்டால் போதும் என்று ஓடுகிறார்.

முற்றத்தையே எடுத்துக்கொள்வோம். ஊரைப் பிரெஞ்சுப் பகுதி, தமிழ்ப் பகுதி என்று பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே உள்ள பழைய தமிழ் வீதிகளில் தெருவை ஒட்டித் தாழ்வாரம், திண்ணை, உள்ளே போனால் நடுவில் வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றி அறைகள் என்று வீடுகள் இருக்கும். அங்கே வைசியாள் வீதியின் புனரமைப்புக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருதே கிடைத்தது. இப்படி ஒரு வீட்டை ஹாஸ்டலாக்கினால் முதல் போட்டோ முற்றத்துடையதுதான். தூணில் சாய்ந்து ஒரு பெண் புத்தகம் படிப்பாள், பக்கத்தில் பித்தளை உருளியில் செம்பருத்தி மிதக்கும். பகலில் அந்த இடம் உண்மையாகவே அவ்வளவு அழகு. மழை பெய்தால் இன்னும் அழகு.

ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பதும் அதே முற்றம்தான். எல்லா அறைக் கதவும் அதைப் பார்த்தே திறக்கின்றன. அங்கே இரண்டு பேர் மெதுவாகப் பேசினாலும் நான்கு பக்கமும் கேட்கும். கூட்டுக் குடும்பம் இருந்த காலத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வர அது வசதி. பதினொன்றரை மணிக்கு யாரோ கிடாரை எடுக்கும்போது வசதி இல்லை. போதாக்குறைக்கு, பெரிய கூடத்தை இரண்டு டார்மாக்க (பலர் சேர்ந்து படுக்கும் அறை) நடுவில் பிளைவுட் தடுப்பு வைப்பார்கள். மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை உயரமாக இருப்பதால் தடுப்பு பல இடங்களில் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கத்து வெளிச்சம், குறட்டை, விடியற்காலையில் ஒருவர் பிளாஸ்டிக் கவரை நோண்டும் சத்தம் எல்லாம் மேலே ஏறி இந்தப் பக்கம் வந்துவிடும். ஏசிக்கும் அந்த உயரம் தலைவலி. அறை குளிர்ந்து முடிப்பதற்குள் பாதி ராத்திரி போய்விடும், காலை எட்டு ஒன்பது மணிக்கு ரிமோட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன ஹாஸ்டலில் இருப்பது பெரும்பாலும் பக்கத்து வெல்டிங் பட்டறையில் செய்த இரட்டை அடுக்கு இரும்புக் கட்டில். ஏணிப்படி என்பது உருண்டைப் பைப். வெறுங்காலோடு ஏறினால் உள்ளங்காலில் அழுந்தி வலிக்கும், நடு ராத்திரி பாத்ரூமுக்கு இறங்கும்போது இன்னும் வலிக்கும். கீழே இருப்பவர் புரண்டால் மேலே இருப்பவருக்குத் தொட்டில். செயின் ஹாஸ்டல் இந்த இடத்தில் முந்திவிடுகிறது. தட்டையான மரப்படி, ஆளுக்கொரு திரை, தலைமாட்டில் ஒரு விளக்கு, ஒரு பிளக் பாயின்ட், கட்டிலுக்கு அடியில் பூட்டும் டிராயர் எல்லாம் அங்கே உண்டு. திரையை இழுத்து மூடிக்கொண்டால் ஆறு பேர் இருக்கும் அறையிலும் கொஞ்சம் தனிமை கிடைக்கிறது. தூக்கத்துக்காக மட்டும் காசு கொடுக்கிறீர்கள் என்றால் சின்ன ஹாஸ்டலை இங்கேயே தள்ளிவிடலாம்.

லாட்ஜில் தூக்கம் வேறு கதை. தனியறை, தாழ்ப்பாள், பெரிய கட்டில். குறட்டை விட்டாலும் உங்களுடையது மட்டுமே. ஆனால் பாண்டியில் வரி குறைவு என்பதால் சரக்கு மலிவு, அதற்காகவே வரும் நண்பர் குழு பக்கத்து அறையில் இருந்தால் காரிடார் முழுக்க டிவியும் சிரிப்பும்தான். ஆசிரம விடுதியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மது, புகை இரண்டும் கூடாது, இரவு பத்தரைக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். கடற்கரைச் சாலையின் தென்கோடியில் உள்ள ஆசிரமத்தின் பார்க் கெஸ்ட் ஹவுஸில் பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் ராத்திரி முழுக்க அலைச் சத்தம் மட்டும்தான். நான்கில் நன்றாகத் தூங்க முடிவது இங்கேதான்.

அப்படியானால் சின்ன ஹாஸ்டலுக்கு ஏன் போக வேண்டும்?

பெங்களூர் பஸ் பாண்டிக்கு வந்து சேரும் நேரம் விடியற்காலை. ஹாஸ்டல் செக்-இன் பகல் பன்னிரண்டுக்கோ ஒரு மணிக்கோதான். நடுவில் ஆறேழு மணி நேரம், முதுகில் பை, பல் கூடத் துலக்கவில்லை. செயின் ஹாஸ்டலின் வரவேற்பு மேசையில் ஒருமுறை இந்த நிலையில் நின்றிருக்கிறேன். சிரித்த முகத்தோடு ஒரு பையன், சீக்கிரம் உள்ளே போக எவ்வளவு கூடுதல் கட்டணம் என்று கணினியில் பார்த்துச் சொன்னான். விதி அப்படி, அவன் மேல் தப்பில்லை. சின்ன ஹாஸ்டலில் கதவைத் தட்டினால் லுங்கியோடு, தூக்கக் கலக்கத்தில், கேர்டேக்கர் அண்ணன் வந்து திறக்கிறார்.

"பெட் காலியாக பத்து மணி ஆகும் தம்பி. பையை அந்த பெஞ்சுக்குக் கீழ வை. பாத்ரூம் அங்க. குளிச்சிட்டு பீச்சுக்குப் போயிட்டு வா, இப்ப வண்டி கிண்டி எதுவும் வராது."

அவர் சொன்னது சரி. கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை. அந்த நேரத்தில் பழைய கலங்கரை விளக்கத்திலிருந்து பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் சிலை வரைக்கும் சாலை முழுக்க நடக்கிறவர்களுடையது. திரும்பி வந்தபோது என் பைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பைகள் சேர்ந்திருந்தன, பத்துக்குக் கட்டிலும் கிடைத்தது. கூடுதல் கட்டணம் என்ற பேச்சே வரவில்லை.

இதுதான் சின்ன ஹாஸ்டலின் பலம். விதியை வளைக்கக்கூடிய ஆள் அங்கேயே இருக்கிறார். எந்தக் கடையில் காலையில் நல்ல பொங்கல், ஆரோவில் பக்கம் ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்டால் எவ்வளவு சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் எந்தப் பக்கம் பழைய புத்தகம் கிடைக்கும் என்றெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஆனால் ஆள் ஒருவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. அவரே வரவேற்பு, அவரே காவல், பல இடங்களில் படுக்கை விரிப்பு மாற்றுவதும் அவரே. அவர் ஊருக்குப் போன வாரம் நீங்கள் போனால் அந்த ஹாஸ்டலே வேறு. தற்காலிகமாக நிற்கும் பையனுக்கு லாக்கர் சாவி எங்கே என்று தெரியாது, வைஃபை கடவுச்சொல் தெரியாது, ராத்திரி ஒரு மணிக்குச் சத்தம் போடுகிறவரிடம் போய்ப் பேசத் தைரியமும் இருக்காது. அவர் இருந்தபோது தங்கியவர் எழுதிய புகழைப் படித்துவிட்டுப் போய் ஏமாந்தவர்கள்தான் காட்டமாக எழுதுகிறார்கள். செயின் ஹாஸ்டலில் ஆள் மாறினாலும் நடைமுறை மாறாது. அந்தச் சிரித்த முகப் பையனின் கணினிக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம் உண்டு.

வந்து சேரும் நேரத்தைப் பொறுத்தவரை லாட்ஜ்களையும் குறைத்துச் சொல்ல முடியாது. பல லாட்ஜ்களில் இன்னும் 24 மணி நேரக் கணக்குதான். காலை ஆறு மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் ஆறு வரை உங்களுடையது. ராத்திரி பஸ்ஸில் வருகிறவருக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. ஆனால் உள்ளே போவதற்கு முன் ஒரு பரீட்சை உண்டு. தனியாக வந்த ஆணை மேலும் கீழும் பார்ப்பார்கள். தனியாக வந்த பெண்ணிடம் "கூட யாரு வராங்க?" என்பார்கள். கல்யாணமாகாத ஜோடி என்றால் ரூம் இல்லை என்று சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதால், அந்தத் தொல்லையே வேண்டாம் என்று விடுகிற லாட்ஜ்களும் உண்டு. ஹாஸ்டல்களில் அத்தனை நாட்டுக்காரர்களைப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஹாஸ்டல்களும் யோக்கியமில்லை. ஆதாரில் புதுச்சேரி முகவரி இருந்தால் உள்ளூர்க்காரர் வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற இடங்கள் உண்டு.

தனியாகப் போகும் தோழி ஒருத்தியின் கணக்கு வேறு. அவளுக்கு லாட்ஜ் பட்டியலிலேயே இல்லை. பெண்களுக்கான தனி டார்ம் இருந்தால் சின்ன ஹாஸ்டல், இல்லையென்றால் யோசிக்காமல் ஆசிரம விடுதி. அழகான முற்றம் இருக்கிறதா என்றெல்லாம் அவள் கேட்பதில்லை. பாத்ரூம் தாழ்ப்பாள் சரியாக விழுமா என்றுதான் கேட்பாள். நியாயமான கேள்வி. பழைய மரக்கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும், பிறகு தாழ்ப்பாள் அதன் ஓட்டைக்கு நேராக வராது.

பாத்ரூம் என்று வந்தபிறகு அதையும் முடித்துவிடலாம். சின்ன ஹாஸ்டலில் எட்டுப் பத்துப் பேருக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு தரை முழுக்க ஈரம், சல்லடையில் முடி, சின்ன கீசரில் வெந்நீர் தீர்ந்திருக்கும். துணி மாட்ட ஒரே ஒரு கொக்கி, அதில் யாரோ விட்டுப்போன துண்டு. செயினில் இது மேல், லாட்ஜில் தனி பாத்ரூம், ஆசிரமத்தில் பளிச்.

காசுக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கட்டில் விலை தலைக்கு, லாட்ஜ் விலை அறைக்கு. ஒரு ஆளுக்குக் கட்டில் லாபம். இரண்டு பேர் என்றால் இரண்டு கட்டில் விலையும் ஒரு சாதாரண லாட்ஜ் அறை விலையும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். மூன்று பேர் கூடுதல் படுக்கை போட்டுக்கொண்டால் ஹாஸ்டல் பக்கம் போக விலையளவில் ஒரு காரணமும் இல்லை. செயின் ஹாஸ்டல்கள் பல ஈசிஆர் ஓரத்திலும் ஆரோவில் பக்கமும் இருக்கின்றன. கோட்டக்குப்பம் செரினிட்டி கடற்கரைப் பக்கம் போனால் அது தமிழ்நாட்டு எல்லை, ஊருக்குள் வர ஸ்கூட்டர் வாடகை, இல்லையேல் மீட்டர் போடாத ஆட்டோ. அதையும் கட்டில் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையான அறைகளுக்கு 5 சதவீதமாகக் குறைந்தது நல்லதுதான். இருந்தாலும் முதல் பக்கத்தில் காட்டும் விலையை நம்பாமல் கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள்.

இனி அந்தச் சனிக்கிழமை. வார இறுதியில் விலை எகிறுவது எல்லா இடத்திலும் உண்டு, அதை விடுங்கள். சின்ன ஹாஸ்டலில் மாறுவது ஆட்கள். செவ்வாய்க்கிழமை அங்குள்ள பொது மேசையில் தனித்தனியாக வந்த நான்கைந்து பேர் இருப்பார்கள். திருவண்ணாமலை போய்விட்டு வந்தவர், லேப்டாப்பில் வேலை செய்கிறவர், பிரெஞ்சு குடியுரிமை உள்ள பாட்டியைப் பார்க்க வந்த பேரன் என்று ஆளுக்கொரு கதை. டீ போட்டுக்கொண்டே பேச்சு தொடங்கிவிடும், யாரும் யாரையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சனிக்கிழமை அதே மேசையில் ஒரே அலுவலகத்திலிருந்து எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு கட்டிலில் எட்டு அவர்களுடையது என்றால், மீதி நான்கு பேரும் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பில்லாமல் வந்தவர்கள். அறுபது கட்டில் உள்ள செயின் ஹாஸ்டலில் அதே எட்டுப் பேர் ஒரு மூலை. ஒதுங்க மொட்டை மாடி இருக்கும், இன்னொரு ஹால் இருக்கும். சின்ன ஹாஸ்டலில் ஒதுங்க உங்கள் கட்டில் மட்டும்தான், அதுவும் மேல் கட்டில்.

ஆசிரம விடுதிக்கும் ஒரு காலண்டர் உண்டு. பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகிய தரிசன நாட்களை ஒட்டிப் பக்தர்கள் வெகு முன்னாலேயே அறைகளைப் பிடித்துவிடுவார்கள். அங்கே தங்க விரும்புகிறவர் அறையில் அரவிந்தர், அன்னை படங்கள் இருக்கும் என்பதையும், பத்தரைக்கு மேல் கடற்கரையில் உட்கார முடியாது என்பதையும் ஏற்றுக்கொண்டு போக வேண்டும். எனக்கு அந்தப் பத்தரை மணிதான் ஒத்துவரவில்லை. கூட்டம் கலைந்த பிறகுதான் அந்தக் கடற்கரையே உட்காரத் தோதாகிறது.

சின்ன ஹாஸ்டல்தான் என்று முடிவு செய்தால் ஆப்பில் பதிவு செய்வதற்கு முன் ஒரு போன் போடுங்கள். கேர்டேக்கர் இந்த வாரம் இருக்கிறாரா, அன்றைக்கு மொத்தமாக ஏதாவது குழு வருகிறதா, கீழ் கட்டில் கிடைக்குமா, கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடுமா என்று கேளுங்கள். சாவதானமாகப் பதில் சொல்கிறார்கள் என்றால் போகலாம். "எல்லாம் இருக்கு சார், வாங்க" என்று ஒரே மூச்சில் முடித்தால் லாட்ஜில் விசாரியுங்கள்.