அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கலா, தனியாரில் கம்ப்யூட்டர் சயின்ஸா?

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு பல வீடுகளில் இந்த விவாதம் தொடங்கிவிடுகிறது. பிள்ளையின் கட்-ஆஃப் 200-க்கு 170, 180 என்று நடுவில் நிற்கும். கிண்டியிலோ, குரோம்பேட்டை எம்ஐடியிலோ, கோவை பிஎஸ்ஜியிலோ விரும்பிய பிரிவு கிடைக்காது. சேலம், திருநெல்வேலி, காரைக்குடி, பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் ஒன்றில் மெக்கானிக்கலோ சிவிலோ ட்ரிபிள்-இயோ (எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) கிடைக்க வாய்ப்பு உண்டு. அதே மதிப்பெண்ணுக்குப் பக்கத்து ஊர் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்துவிடும். "எதுக்கு கவுன்சலிங்கெல்லாம், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துல பணத்தைக் கட்டிச் சேர்த்துடுங்க" என்பார் மாமா. கணக்கு டீச்சர் மட்டும் "இவளுக்கு பி.எஸ்சி. மேத்ஸ் ரொம்ப நல்லா வரும்" என்று சொல்லிப் பார்த்திருப்பார். அதை யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த நாலு வழிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மதிப்பெண் வரம்பில் என் ஓட்டு முதலில் கல்லூரிக்கு, அப்புறம்தான் பிரிவுக்கு. விதிவிலக்குகள் உண்டு, அவையும் வரும்.

முதலில் பணம். அரசுக் கல்லூரியில் டியூஷன் ஃபீஸ் மிகக் குறைவு. செலவில் பெரும்பங்கு ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும்தான். தனியார் கல்லூரியில் கவுன்சலிங் மூலம் சேர்ந்தால் அரசின் கமிட்டி நிர்ணயித்த கட்டணம்தான் டியூஷன் ஃபீஸ். ஆனால் பஸ், ஹாஸ்டல், 'டெவலப்மென்ட்', 'பிளேஸ்மென்ட் டிரெய்னிங்' என்று அதன்மேல் ஏறுகிற தொகையைத்தான் பார்க்க வேண்டும். ரசீதில் என்னென்ன தலைப்பில் பணம் வாங்குகிறார்கள் என்பதை அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒரு மாணவரின் வீட்டில் கேட்டால் தெரிந்துவிடும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு. அது கவுன்சலிங்கில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் கிடையாது.

இங்கே ஒரு முக்கியமான திருப்பம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் தனியார் கல்லூரியாகவே இருந்தாலும் டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அதாவது, அந்தப் பிள்ளைக்கு 'அரசுக் கல்லூரி மலிவு' என்ற வாதமே இல்லை. தரத்தை மட்டும் பார்த்துத் தேர்வு செய்யலாம். இது தெரியாமலே செலவுக்குப் பயந்து அருகில் இருக்கும் கல்லூரியைப் பட்டியலில் முதலில் போட்டுவிடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும்.

அடுத்தது வகுப்பறை. அரசுக் கல்லூரியைப் புகழ்ந்து மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. காலிப் பணியிடங்கள் இருக்கும்; கௌரவ விரிவுரையாளர்கள் பல பேப்பர்களைத் தாங்கிப் பிடிப்பார்கள். லேபில் சில மெஷின்களுக்கு வயது அதிகம். வகுப்புக்கு வரவில்லை என்று வீட்டுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். தனியாரிலோ இதற்கு நேர் எதிர். காலை எட்டரைக்குள் பஸ் உள்ளே நுழைந்துவிட வேண்டும், செல்போனுக்குத் தடை, வாரம் ஒரு டெஸ்ட், மதிப்பெண் குறைந்தால் ஸ்டடி ஹவர், பெற்றோருக்குக் கடிதம். பெற்றவர்களுக்கு இது நிம்மதி தருகிறது என்பது உண்மை. தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாத பையனை அரியர் இல்லாமல் கரை சேர்க்க இந்தக் கண்டிப்பு உதவுகிறது என்பதும் உண்மை.

ஆனால் அந்தக் கண்டிப்புக்கு ஒரு விலை இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு பஸ் ஏறி ஏழு மணிக்கு வீடு சேரும் பிள்ளைக்குச் சொந்தமாக எதையும் முயன்று பார்க்க நேரமே மிஞ்சாது. அரசுக் கல்லூரி ஹாஸ்டலில் இரவு பதினொரு மணிக்கு ஒரு ரூமில் நாலு பேர் 'கேட்' (எம்.டெக். சேர்க்கைக்கான நுழைவுத்தேர்வு) கணக்கு போட்டுக்கொண்டிருப்பார்கள், பக்கத்து ரூமில் ஒருவன் பைத்தான் எழுதிக்கொண்டிருப்பான். இந்தப் பிள்ளைகளில் பலர் தங்கள் பள்ளியில் முதலிடத்திலோ இரண்டாமிடத்திலோ வந்தவர்கள். காரைக்குடியில் 1952 முதலும் சேலத்தில் 1966 முதலும் பிள்ளைகள் பொறியியல் படித்துவருகிறார்கள். மின்வாரியத்திலும் பொதுப்பணித்துறையிலும் பெரிய கம்பெனிகளிலும் சீனியர்கள் இருக்கிறார்கள். புதிதாக முளைத்த கல்லூரியால் எவ்வளவு செலவழித்தாலும் இதை வாங்க முடியாது.

வேலைக்கு வருவோம். 'மெக்கானிக்கல் படிச்சா வேலை இல்லை' என்ற பேச்சு பாதிதான் சரி. உற்பத்தித் துறையில் தொடக்கச் சம்பளம் குறைவு, ஷிப்ட் வேலை கடினம்; ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிசிஎஸ், இன்போசிஸ், காக்னிசன்ட் மாதிரி ஐடி சர்வீஸ் கம்பெனிகள் எல்லாப் பிரிவினரையும் எடுக்கின்றன. அவர்கள் முதலில் பார்ப்பது நிலுவை அரியர் இருக்கிறதா, பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் அறுபது சதவீதத்துக்குக் குறையாமல் வந்திருக்கிறதா, ஆப்டிடியூட் டெஸ்டில் தேறுகிறாரா என்பதைத்தான். பெயர் பெற்ற கல்லூரிக்கு அந்தக் கம்பெனிகள் நேரில் வரும். பெயர் தெரியாத கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் 'பூல் கேம்பஸ்' என்று பஸ் பிடித்து வேறொரு கல்லூரிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

அரசு வேலையில் ஆசை இருந்தால் கணக்கே வேறு. யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொறியியல் பணித் தேர்வில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் டெலிகம்யூனிகேஷன் என்று நாலே பிரிவுகள். கம்ப்யூட்டர் சயின்ஸ் அதில் இல்லவே இல்லை. மின்வாரிய உதவிப் பொறியாளர் வேலைக்கு ட்ரிபிள்-இ படித்தவர்களுக்குத்தான் பெரும்பங்கு இடம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குச் சாதகமான பக்கமும் உண்டு: சொந்தமாக மென்பொருள் தயாரிக்கும் பெரிய பிராடக்ட் கம்பெனிகளில் சில, கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) தவிர மற்றவர்களைத் தேர்வுக்கே கூப்பிடுவதில்லை. பிள்ளை பத்தாம் வகுப்பிலிருந்தே கோடிங் எழுதுகிறான், அதுதான் அவன் உயிர் என்றால், தனியார் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கே போகட்டும். விதிவிலக்கு என்று மேலே சொன்னது இவனைத்தான்.

அப்படிப் போவதானால் எந்தத் தனியார்? விளம்பரப் பலகையில் '98% பிளேஸ்மென்ட்' என்று இருப்பதைத் தள்ளிவிடுங்கள். ஒரே மாணவருக்கு வந்த மூன்று ஆஃபரும் மூன்றாக எண்ணப்பட்டிருக்கலாம். தகுதி பெற்றவர்களை மட்டும் வைத்துச் சதவீதம் போட்டிருக்கலாம். அதைவிட நம்பகமான காகிதம் ஒன்று உண்டு. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பித்த ஒவ்வொரு கல்லூரியும் கொடுத்த விவரங்கள் பொதுவில் கிடைக்கின்றன. கல்லூரி இணையதளத்திலேயே அந்த பிடிஎஃப் இருக்கும். அதில் நாலு வருட இளநிலைப் படிப்புக்கான அட்டவணையைத் திறந்து ஒரு வரியை இடமிருந்து வலமாகப் படியுங்கள்: முதலாண்டில் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் பட்டம் பெற்றவர்கள், வேலை பெற்றவர்கள், அவர்களின் இடைநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள். உதாரணத்துக்கு, 600 பேர் சேர்ந்து 390 பேர்தான் நாலு வருடத்தில் முடித்தார்கள் என்று இருந்தால், அங்கே அரியர் எவ்வளவு குவிகிறது என்பது வெளிச்சமாகிவிடும். பிளேஸ்மென்ட் எண்ணை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். இடைநிலைச் சம்பளம் என்பது நடுவில் நிற்பவர் வாங்குவது. ஒருவர் வாங்கிய நாற்பது லட்சத்தால் அது ஏறாது. ஒரு குறை: எல்லாப் பிரிவும் சேர்ந்த கணக்கு இது, பிரிவுவாரியாகத் தெரியாது.

தன்னாட்சி பெறாத கல்லூரி என்றால், அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடும் தேர்ச்சிப் பட்டியலையும் பார்க்கலாம். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் தயாரித்துத் திருத்துவதால் அவற்றின் தேர்ச்சியை இதோடு ஒப்பிடக் கூடாது. தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்புகள் இரண்டு: 'நாக்' தரும் தரம் கல்லூரி முழுமைக்கும் உரியது, என்பிஏ தரும் அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி. சேரப்போகும் பிரிவுக்கு என்பிஏ இருக்கிறதா என்று கேளுங்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரியவற்றில் வசதி உண்டு, கம்பெனிகள் வரும், பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் கிளப்புகளும் வெளிநாட்டுத் தொடர்புகளும் உண்டு. வேலூர் விஐடி போன்ற இடங்களில் நுழைவுத்தேர்வு ரேங்க்கைப் பொறுத்துக் கட்டணப் பிரிவு மாறும். நல்ல ரேங்க் வாங்கிக் குறைந்த கட்டணத்தில் சேர முடிந்தால் தாராளமாகச் சேரலாம். கவுன்சலிங்குக்கு வெளியே இருப்பதால் முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 சதவீதமும் அங்கே எட்டாது. நிலத்தை விற்றோ, பிள்ளை தலையில் பத்து பன்னிரண்டு லட்சம் கடனை ஏற்றியோ சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. இருபத்திரண்டு வயதில் முதல் சம்பளம் வந்ததும் இஎம்ஐ தொடங்கிவிட்டால், மேலே படிக்கும் ஆசை அங்கேயே நின்றுபோகும்.

இனி கணக்கு டீச்சர் சொன்ன வழி. சுமாரான பொறியியல் கல்லூரியைவிட நல்ல கலை அறிவியல் கல்லூரி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சென்னை மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, திருச்சி செயின்ட் ஜோசப்ஸ், மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்ற இடங்களில் கணிதமோ புள்ளியியலோ படித்தால் மூன்று வருடத்தில் பட்டம். எம்சிஏ 2020 முதல் இரண்டு வருடப் படிப்பாகிவிட்டது. ஆக ஐந்து வருடத்தில் முதுநிலைப் பட்டத்தோடு கம்ப்யூட்டர் துறைக்கு வந்துவிடலாம். பொறியியல் முடித்து ஒரு வருடம் வேலை தேடும் பிள்ளைக்கும் அதே ஐந்து வருடம்தான் ஆகிறது. 'இன்ஜினியர்' என்ற சொல் மாப்பிள்ளை பார்க்கும்போது உதவும் என்பதற்காக இந்த வழியை மூடிவிடாதீர்கள்.

ஆக, 175-ஐ ஒட்டிய கட்-ஆஃப் உள்ள, கோடிங்கில் தனி வெறி எதுவும் இல்லாத பிள்ளைக்கு என் வரிசை இதுதான்: அரசுக் கல்லூரியில் இசிஇ அல்லது ட்ரிபிள்-இ, அது இல்லாவிட்டால் அங்கேயே மெக்கானிக்கல் அல்லது சிவில், அடுத்து நல்ல கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் அல்லது புள்ளியியல், அதற்கடுத்து மேலே சொன்ன சோதனைகளில் தேறிய தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், கடைசியில் கடன் வாங்கிப் போகும் நிகர்நிலை. ஹாஸ்டலில் தங்க முடியாத உடல்நிலையோ, வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆளோ இருந்தால் இந்த வரிசை மாறும், மாறவும் வேண்டும்.

கவுன்சலிங்கில் வேண்டிய கல்லூரி, பிரிவுகளை வரிசையாகப் பதிவு செய்யும் சாய்ஸ் ஃபில்லிங்கில் ஒரு எச்சரிக்கை. ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள். கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை முதலில் போட்டால் கீழே இருப்பது பறிபோய்விடும் என்று நினைப்பது தவறு. உங்கள் ரேங்க்குக்கு மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத்தான் தருகிறார்கள். கோவை பிஎஸ்ஜி, கோவை சிஐடி, மதுரை தியாகராஜர் ஆகிய அரசு உதவிபெறும் கல்லூரிகளில் பிரிவின் பெயருக்குப் பின்னால் 'எஸ்எஸ்' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு; கட்டணம் வேறு. இடம் கிடைத்த பிறகு 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' (இதை வைத்துக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன்) கொடுத்தால், மேலே உள்ள ஏதாவது கிடைத்தவுடன் கையில் இருந்தது போய்விடும். மேலே போட்டிருக்கும் ஒவ்வொன்றும் உண்மையிலேயே வேண்டியதுதானா என்று சரிபார்த்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.

சேர்ந்தபின் முதல் செமஸ்டர்தான் கண்டம், குறிப்பாகத் தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு. கணக்குப் பேப்பரில் விழும் முதல் அரியர் நாலு வருடம் பின்தொடரும். பாடம் ஆங்கிலத்தில் புரியவில்லை என்றால் முதல் இரண்டு வாரத்திலேயே அந்த ஆசிரியரிடம் போய்ச் சொல்லலாம்; அரசுக் கல்லூரி ஆசிரியர்களில் பலர் அதே பாதையில் வந்தவர்கள், தமிழில் விளக்குவார்கள். ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் வகுப்புகள் இலவசம். அடிப்படைப் பாடங்களுக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

மெக்கானிக்கல் கிடைத்துவிட்டதே, கம்ப்யூட்டர் கைவிட்டுப் போயிற்றே என்று வருந்தும் பிள்ளைக்கு இரண்டு கதவுகள் திறந்தே இருக்கின்றன. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பை இப்போது படிக்கும் பட்டத்தோடு சேர்த்தே ஆன்லைனில் படிக்கலாம்; ஜேஇஇ தேவையில்லை, நாலு வாரப் பாடத்துக்குப் பிறகு ஒரு தகுதித் தேர்வு மட்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. இன்னொன்று, கேட் தேர்வில் 2024 முதல் வந்திருக்கும் டேட்டா சயின்ஸ் அண்ட் ஏஐ பேப்பர். எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். இரண்டுக்கும் வேண்டியது ஒரே அடித்தளம்: நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, கொஞ்சம் பைத்தான். முதலிரண்டும் எப்படியும் பொறியியல் கணக்குப் பேப்பர்களில் வருகின்றன. மூன்றாவதை இரண்டாம் செமஸ்டர் விடுமுறையில் ஆரம்பித்துவிடலாம்.