பிள்ளைங்களுக்கு டென்ட்: பாப்-அப்பா, டீப்பியா, பைப் கோட்டையா?

பெரியவளுக்கு நாலு வயசு, சின்னவனுக்கு ஒன்றரை. சிங்கப்பூர் செங்காங்ல நாலறை வீடு, ஹால்ல சோஃபா போக மிச்சம் ஒரு பாய் விரிக்கிற இடம்தான், அதுக்குள்ளயே ஒரு வருஷத்துல மூணு டென்ட் வந்து பார்த்தாச்சு. கேக்குற தோழிங்களுக்கெல்லாம் வாய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டு தொண்டை வத்திருச்சு, அதான் எழுதுறேன்.

பாப்-அப் 25 வெள்ளி. உள்ள வளையமா ஸ்டீல் கம்பி, மேல பாலியெஸ்டர் துணி, பையில இருந்து எடுத்து விட்டா டப்புனு விரிஞ்சுக்கும். பூ மாதிரி எடை, சின்னவன் அதோட சேர்ந்து உருண்டு விழுந்தாலும் பெருசா அடி படாது, எனக்கு அதுதான் முக்கியம். ஆனா பயமும் அந்தக் கம்பி மேலதான், மடிச்சு மடிச்சு ஒரு இடத்துல ஒடிஞ்சுதுனா முனை துணியைக் குத்திக்கிட்டு வெளிய வரும். அவ்வளவு பெரிய ஃபர்னிச்சர் கம்பெனி ஐக்கியாவே பூசாங்கிற ஒரு மடக்கு டென்ட்டை இதே காரணத்துக்காக ரீகால் பண்ணியிருக்காங்க, அப்புறம் பேர் தெரியாத கம்பெனி சரக்கைப் பத்தி என்ன சொல்ல! வாரம் ஒரு தடவை தையல் ஓரத்தை விரலால தடவிப் பார்ப்பேன், எங்கயாவது முட்டிக்கிட்டு இருந்தா நேரா குப்பைக்குத்தான். மடிக்கிறப்போ பிள்ளைங்களை ரூமுக்கு அனுப்பிடுங்க, கை நழுவினா மூஞ்சியில அடிக்கும், என் கண்ணாடி ஒரு தடவை பறந்திருக்கு.

டீப்பி, அதாவது கூம்பு மாதிரி நிக்கிற டென்ட், போட்டோவுக்குத்தான் அழகு. பிறந்தநாளுக்கு வந்த கிஃப்ட், நாலு மரக்கம்பு, காட்டன் கேன்வாஸ், கூடவே சீரியல் லைட் ஃப்ரீ. அந்த லைட்டோட பெட்டியைத் திருப்பிப் பார்த்தா பட்டன் பேட்டரி, மூடிக்கு ஸ்க்ரூ கூட இல்ல, நகத்தால தள்ளினாலே திறக்குது. அந்த பேட்டரியை முழுங்கி உணவுக்குழாய்ல மாட்டிக்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள வெந்து போக ஆரம்பிச்சிடும், அதனால லைட் அன்னிக்கே வெளிய போயிருச்சு. அடுத்து கம்பு. நம்ம வீட்டு டைல்ஸ் தரையில அது நிக்கவே மாட்டேங்குது, சின்னவன் துணியைப் பிடிச்சு எந்திரிச்சான், நாலு காலும் வழுக்கி மொத்தமும் டிவி மேல சாஞ்சுது. அவன் மேல விழுந்திருந்தா? இந்த ஊர் ஈரத்துக்கு அடித்துணியில ஒரே மாசத்துல கரும்புள்ளி வேற, துவைச்சு மூங்கில் கழியில காயப்போட ஜன்னல் முழுக்க அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. நாலு வயசுக்கு மேல, கம்புக்கு ரப்பர் மூடி போட்டு, சுவர் மூலையில வைக்கிறதா இருந்தா சரி, அதுக்குக் கீழ நான் வேணாம்னுதான் சொல்வேன்.

பைப் கோட்டை செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. பிளாஸ்டிக் குழாய், மூலைக்கு மூலை ஜாயின்ட், மேல போர்த்துற துணி, குழாய் முனையில குட்டி மூடி. அந்த மூடிதான் பிரச்சனை. பொம்மையைச் சோதிக்கிறதுக்குன்னே 31.7 மில்லிமீட்டர் அகலத்துல ஒரு சின்ன டெஸ்ட் குழாய் இருக்கு, அதுக்குள்ள முழுசா அடங்குற எதுவும் மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க பொம்மையில இருக்கக் கூடாது, பெட்டியில 0-3னு போட்டு மேல கோடு அடிச்ச மூஞ்சி இருக்குமே, அது பெரும்பாலும் இதுக்காகத்தான். எங்க சின்னவனோ வாய்லதான் உலகத்தையே பார்க்குறான். அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டேன், அங்க எல்லாம் ஸ்கூல் போற பசங்க.

துணி விஷயத்துல மூணும் ஒண்ணுதான், எரியும். பொம்மை தீப்பிடிக்கிறதைப் பத்தின ஐரோப்பாவோட தர விதி இஎன் 71-2, அதை லேபிள்ல போட்டிருந்தா எரியாதுன்னு நானும் நினைச்சிருந்தேன். பிள்ளை உள்ள போற மாதிரி பொம்மையில தீ செகண்டுக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல வேகமா பரவக் கூடாது, அவ்வளவுதான் அதுல இருக்கு. கணக்குப் போட்டா ஒரு மீட்டர் துணிக்கு அரை நிமிஷம்! 10 மில்லிமீட்டரைத் தாண்டினா தீப்பக்கம் வைக்காதீங்கன்னு எச்சரிக்கை போடணும். அதனால சாமி விளக்கு, கொசுவத்தி, தீபாவளிக்கு அகல் வைக்கிற இடம் எதுக்கும் பக்கத்துல டென்ட் கிடையாது. சிங்கப்பூர்ல 2011ல இருந்து பொம்மைக்கும் பாதுகாப்பு விதி இருக்கு, ஆனா விக்கிறதுக்கு முன்னாடி யாரும் ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணி முத்திரை குத்துறது இல்ல, லேபிளை நாமதான் படிக்கணும். ஜன்னல் ஓரமும் வேணாம், கிரில் இருந்தாலும்தான்.

எங்க வீட்ல இப்போ நிக்கிறது பாப்-அப் மட்டும். உள்ள வேகுதேன்னு ஃபேனை வலை ஜன்னல் பக்கம் தள்ளி வச்சிருக்கேன், தூக்கம் வந்தா தூக்கிட்டுப் போய் கட்டில்ல போட்டுடுவேன்.

போன மாசம் ஊர்ல இருந்து வந்த அம்மா இதையெல்லாம் கேட்டுட்டு ஒண்ணும் பேசல, தன்னோட பழைய சுங்குடிச் சேலையை எடுத்து சாப்பாட்டு மேசை மேல நாலு பக்கமும் தொங்க விட்டாங்க. நாற்காலி மேல போட்டா இழுத்து சாய்ச்சிடுவாங்களாம், மேசைன்னா அசையாதாம். பெரியவ அன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் வெளிய வரல, பாப்-அப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல.