நான்கு கட்ட மாதிரியும் புதுச்சேரி எல்லையும்

நகரப் பயணத் தேவையைக் கணிக்க நான் பல ஆண்டுகளாகக் கையாள்வது பழைய நான்கு கட்ட மாதிரியைத்தான். 1950களில் டெட்ராய்ட், சிகாகோ ஆய்வுகளில் உருவெடுத்தது. எத்தனை பயணங்கள் கிளம்புகின்றன, எங்கே போகின்றன, எதில் போகின்றன, எந்தச் சாலை வழியாகப் போகின்றன என்று வரிசையாகக் கேட்கும். வீட்டுக் கணக்கெடுப்பு ஒழுங்காக இருந்தால் முதல் கட்டம் தொல்லை தராது.

இரண்டாவதில்தான் புதுச்சேரி மல்லுக்கு நிற்கிறது. நேரமும் தூரமும் கூடக்கூடப் பயணம் குறையும் என்பது ஈர்ப்பு மாதிரியின் கணக்கு. முத்தியால்பேட்டையும் கோட்டக்குப்பமும் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். முன்னது புதுச்சேரி, பின்னது விழுப்புரம் மாவட்டம். நிர்வாக எல்லையையே ஆய்வு எல்லையாக வைத்தால், தினமும் நகருக்குள் வேலைக்கு வரும் கோட்டக்குப்பத்துக்காரர் வெளியூர்ப் பயணி ஆகிவிடுகிறார். அவர் வீட்டுக் கதவைக் கணக்கெடுப்பாளர் தட்டவே மாட்டார்.

தெற்கே முள்ளோடையில் வேறு சிக்கல். கடலூர்ப் பக்கத்திலிருந்து பெட்ரோலுக்கும் மதுவுக்கும் வருபவர்களை இழுப்பது விலை வித்தியாசம். தூரத்தை மட்டும் பார்க்கும் சூத்திரத்துக்கு அது தெரியாது. (படிவத்தில் மதுக்கடை என்று யார் சொல்கிறார்கள்? 'சொந்த வேலை' என்பார்கள்.) திருத்தக் காரணி போட்டு இன்றைய எண்ணிக்கையோடு சரிக்கட்டிவிடலாம்தான். நாளை வரி மாறினால் அந்தக் காரணிக்கு ஒரு பொருளும் இல்லை.

மூன்றாம் கட்டத்தின் லாஜிட் மாதிரி மேல் எனக்கு மதிப்பு உண்டு. நேரத்தையும் செலவையும் ஒப்பிட்டு, எத்தனை பேர் எதில் போவார்கள் என்று சொல்லும் கணக்கு அது. சான்பிரான்சிஸ்கோவின் பார்ட் ரயிலில் 6.3 சதவீதத்தினர் வேலைக்குச் செல்வார்கள் என்று ரயில் ஓடத் தொடங்கும் முன்பே பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடனின் குழு கணித்தது. அதிகாரபூர்வக் கணிப்பு 15, நடந்தது 6.2. ஆனால் நம்மூர் டெம்போ ஆள் நிறைந்தால்தான் நகரும். அதன் காத்திருப்பு நேரத்தை நிறுத்தத்தில் நின்று கடிகாரம் பார்த்து எடுக்க வேண்டும்; மேசையில் உட்கார்ந்து எழுதிய எண்ணை லாஜிட் அப்படியே நம்பிவிடும்.

கடைசிக் கட்டம், 1952இல் வார்ட்ராப் என்ற ஆய்வாளர் சொன்ன சமநிலை: வழியை மாற்றி யாரும் நேரத்தை மிச்சப்படுத்த முடியாத நிலை. எல்லோருக்கும் எல்லா வழியும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறது. வேலைநாளுக்குச் சரி. சனிக்கிழமை சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வந்து கடற்கரைச் சாலையைச் சுற்றி இடம் தேடும் கார்களுக்குப் பொருந்தாது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் கைப்பேசித் தரவை நாடுகிறேன். எங்கிருந்து எங்கே என்று சொல்லும். பஸ்ஸிலா பைக்கிலா என்று சொல்லாது.