பகுதிநேரத் தொலைநிலை மாணவருக்கான உதவி: இங்கிலாந்தும் வேல்ஸும்

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரே பட்டப்படிப்பைப் பகுதிநேரமாகப் படிக்கும் இருவரில், ஒருவர் இங்கிலாந்திலும் மற்றவர் வேல்ஸிலும் வசித்தால், அவர்களுக்குக் கிடைக்கும் உதவி பெரிதும் வேறுபடுகிறது. கல்விக் கட்டணக் கடன் இரு பக்கமும் உண்டு. அன்றாடச் செலவுக்கோ, இங்கிலாந்து 2018 முதல் பகுதிநேர மாணவருக்குக் கடன் தந்தாலும், உடற்குறைபாட்டால் நேரில் சென்று படிக்க இயலாதவர் தவிர, தொலைநிலை மாணவருக்கு அது கிடையாது. வேல்ஸ் அதே ஆண்டிலிருந்து, குடும்ப வருமானத்தையும் படிப்பின் அளவையும் கணக்கிட்டு, கடனோடு திருப்பித் தர வேண்டாத மானியத்தையும் அவர்களுக்கு வழங்குகிறது. வேலை முடிந்து வந்து, குழந்தையை உறங்கவைத்தபின் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறக்கும் தாய்க்கும் வாடகையும் காப்பகச் செலவும் இருக்கின்றன. வீட்டிலிருந்து படிப்பதால் அவை குறைந்துவிடுவதில்லை. ஆகவே வேல்ஸின் ஏற்பாடே எனக்கு நியாயமாகப் படுகிறது.