யுயு சர்ச்சோட புகார் சிஸ்டம்: நம்பி உள்ள போகலாமா? என் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், இது யுயு, அதாவது யுனிடேரியன் யுனிவர்சலிஸ்ட்ங்கிற லிபரல் சபையோட ஞாயித்துக்கிழமை சர்வீஸ் பத்தின ரிவ்யூ இல்ல. பாட்டு நல்லா இருக்கும், காபி சுமார், நாத்திகரும் வரலாம், விபூதி பூசிட்டும் வரலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, அதெல்லாம் தெரிஞ்ச கதை. அமெரிக்காவுல இருக்குற நம்மாளுங்க சிலர் புள்ளைங்களுக்காக யுனிடேரியன் யுனிவர்சலிஸ்ட் சபையில சேரலாமான்னு என்கிட்ட கேட்டுட்டே இருக்காங்க, நானும் அப்பப்ப போறவன்தான். ஆனா அங்க பாஸ்டரே சபைக்கு வர்றவங்ககிட்ட பாலியல் ரீதியா தப்பா நடந்துகிட்டா என்ன நடக்கும், யார்கிட்ட போய் சொல்றதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. அதான் அந்த ஒரு சேவைய மட்டும் எடுத்து ரிவ்யூ பண்றேன்.

"இவ்ளோ லிபரலான இடம், பொம்பளை பாஸ்டர்ங்க இவ்ளோ பேரு, எல்ஜிபிடி கொடி வாசல்லயே பறக்குது, இங்கல்லாம் அப்படி நடக்குமா"ன்னு கேப்பீங்க. நடக்கும், நடந்திருக்கு. பேய்லர் யூனிவர்சிட்டி 2009ல வெளியிட்ட ஆய்வுல, மாசத்துக்கு ஒரு தடவையாவது வழிபாட்டுக்குப் போற அமெரிக்கப் பெண்கள்ல சுமார் 3 சதவீதம் பேர், வயசுக்கு வந்தப்புறம் ஏதோ ஒரு கட்டத்துல மதகுரு தன்கிட்ட தப்பா நடந்துகிட்டதா சொல்லியிருக்காங்க. எல்லா மதத்துக்காரங்களையும் சேர்த்துத்தான் இந்த கணக்கு, யுயுவுக்குன்னு தனி விதிவிலக்கு எல்லாம் கிடையாது.

சரி, சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம், ஓட்டை எல்லாம் அங்கதான் இருக்கு. தலைமை பாஸ்டன்ல இருக்குற யுனிடேரியன் யுனிவர்சலிஸ்ட் அசோசியேஷன், சுருக்கமா யுயுஏ. 1961ல யுனிடேரியன், யுனிவர்சலிஸ்ட்னு ரெண்டு லிபரல் பிரிவுங்க சேர்ந்து ஆரம்பிச்சது, கீழ கிட்டத்தட்ட ஆயிரம் சபைங்க. கத்தோலிக்க சபை மாதிரி பிஷப் எல்லாம் கிடையாது, பாஸ்டரை தேர்ந்தெடுக்குறது சபை, சம்பளம் குடுக்குறது சபை, குருப்பட்டம் குடுக்குறதும் சபைதான். பாஸ்டன்ல இருக்குற மினிஸ்டீரியல் ஃபெலோஷிப் கமிட்டி குடுக்குறது 'ஃபெலோஷிப்'னு ஒரு அங்கீகாரம் மட்டும். ஆர்டிஓ லைசன்ஸ் குடுப்பாரு, வேலைக்கு வைக்குறது பஸ் ஓனருன்னு வச்சுக்கோங்களேன். டிரைவர் மேல புகார்னா ஆர்டிஓ லைசன்ஸை புடுங்கலாம், அதுக்கு மேல வண்டியில இருந்து இறக்கி விடணும்னா ஓனர் மனசு வைக்கணும். இங்க ஃபெலோஷிப் போனாலும் சபை குடுத்த பட்டம் போகாது, பேருக்கு முன்னாடி 'ரெவரெண்ட்' அப்படியே இருக்கும், வேற ஒரு சபை தெரிஞ்சோ தெரியாமலோ அவரையே வேலைக்கு வச்சா பாஸ்டனால தடுக்கவும் முடியாது. இதுல வேடிக்கை என்னன்னா ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே ராஜாங்கிற இந்த விதி 1648ல மாசசூசெட்ஸ் பியூரிட்டன்கள்ங்கிற ரொம்ப கறாரான கிறிஸ்தவங்க எழுதி வச்ச கேம்பிரிட்ஜ் பிளாட்ஃபார்ம்ங்கிற சபை விதித்தொகுப்புல இருந்து வருது, இன்னைக்கு அமெரிக்காவுலயே ரொம்ப லிபரலான சபை அந்த கறார் பார்ட்டிங்களோட விதியை விடாம புடிச்சுட்டு இருக்கு.

அப்ப புகார் குடுக்குற பொண்ணு எங்க போவா? சொந்த சபை போர்டுகிட்ட போனா அங்க பாதி பேர் அந்த பாஸ்டர் கையால கல்யாணம் பண்ணவங்க, அப்பா அம்மா சாவுக்கு அவர் வந்து உக்காந்திருப்பாரு, "அவரா? சேச்சே"ன்னுதான் முதல் வார்த்தை வரும். கமிட்டிக்குப் போனா அதுல வெளியாளுங்களும் இருக்காங்கதான், ஆனா பாஸ்டர்களும் உக்காந்திருக்காங்க, சக பாஸ்டரை விசாரிக்கணும். பாஸ்டர்களுக்குன்னு தனி சங்கம் வேற இருக்கு, சிக்கல்ல மாட்டுன பாஸ்டருக்கு துணையா நிக்க 'குட் ஆஃபிசர்'னு இன்னொரு பாஸ்டர் வருவாரு. அது தப்புன்னு சொல்லல, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் ஆள் வேணும். ஆனா பல வருஷம் அந்தப் பக்கம் இருந்த பலம் இந்தப் பக்கம் இல்ல. இப்ப புகார் குடுக்குறவங்களுக்கும் கூட நிக்க ஆள் ஏற்பாடு பண்றாங்க, அதுக்கு ஒரு மார்க் குடுக்கலாம்.

இந்த மாற்றம் சும்மா வரல. 2000ல நாஷ்வில்ல நடந்த பொதுச்சபைக் கூட்டத்துல யுயுஏவோட எக்ஸிக்யூடிவ் வைஸ் பிரசிடென்ட் கே மான்ட்கோமரி மேடையேறி, பாதிக்கப்பட்டவங்களை நாம கைவிட்டுட்டோம்னு வெளிப்படையா மன்னிப்பு கேட்டாங்க. எல்லாரும் கைதட்டியிருப்பாங்க, அப்புறம் வேகம் போயிடுச்சு. அதே நாஷ்வில் ஊர் சபைக்காரங்க 'சேஃப்டி நெட்'னு ஒரு குழு வச்சு விடாம நச்சரிச்சாங்க, 2014ல பிராவிடன்ஸ் கூட்டத்துல மாடரேட்டரா, அதாவது போர்டு தலைவரா இருந்த ஜிம் கீ, யுயுஏ போர்டு சார்பா மறுபடி மன்னிப்பு கேக்க வேண்டியதாச்சு. பதினாலு வருஷத்துல ஒரே விஷயத்துக்கு ரெண்டு மன்னிப்பு! முதல் மன்னிப்போட வேலையும் ஒழுங்கா நடந்திருந்தா ரெண்டாவதுக்கு என்ன அவசியம்?

என்னைக் கேட்டா கோளாறு விதியில மட்டும் இல்ல, மனசுலயும் இருக்கு. 2024 வரைக்கும் இவங்களோட முதல் கொள்கை 'ஒவ்வொரு மனுஷனுக்கும் பிறப்புலயே மதிப்பும் கண்ணியமும் உண்டு'ங்கிறது, இப்ப அதை மாத்தி அன்பை நடுவுல வச்சு ஏழு விழுமியங்கள்னு எழுதியிருக்காங்க. அருமையான கொள்கை, மறுக்கல. ஆனா பாஸ்டர் மேல புகார் வர்றப்ப அந்த கண்ணியம் முதல்ல பாஸ்டருக்குத்தான் ஞாபகம் வருது, புகார் குடுத்தவ "சபையை உடைக்க வந்தவ" ஆயிடுறா. இன்னொண்ணு, லிபரல் ஆளுங்களுக்கு அடுத்தவன் படுக்கையறையை எட்டிப் பாக்குறோமோன்னு ஒரு கூச்சம். ரெண்டு பேரும் வயசு வந்தவங்க, நமக்கென்னன்னு விட்டுடுவாங்க. 1991ல நியூயார்க்ல ரொம்ப பேர் பெற்ற யுயு சபை ஒண்ணுல, பாஸ்டருக்கும் சபை உறுப்பினருக்கும் இருந்த உறவு வெளிய வந்து பெரிய பேச்சாச்சு, சபை ஓட்டுப் போட்டு அவரையே வச்சுக்கிச்சு. டாக்டர் பேஷன்ட் உறவுல இதையே யாராவது 'ரெண்டு பேர் சம்மதம்'னு விடுவாங்களா? கஷ்டம்னு அழுதுட்டு வர்றவ எல்லாத்தையும் சொல்லிடுவா, கேக்குறவர்கிட்ட அவளோட மொத்த குடும்பக் கதையும் இருக்கு, அங்க என்ன சமம், என்ன சம்மதம். இத்தனைக்கும் இவங்க 1970கள்லயே டீனேஜ் பசங்களுக்கு பாலியல் கல்வி வகுப்பு நடத்துனவங்க, இப்பவும் 'அவர் ஹோல் லைவ்ஸ்'னு பாடத்திட்டம் வச்சு சம்மதம்னா என்னன்னு சொல்லிக் குடுக்குறாங்க. புள்ளைங்களுக்கு நடத்துற பாடத்தை பெரியவங்களும் ஒரு தடவை உக்காந்து கேக்கலாம்.

நல்லதையும் சொல்லணும். எனக்கு ரொம்ப புடிச்சது அந்த பேர் பட்டியல். முறைகேடு விசாரணையால ஃபெலோஷிப் போனவங்க, விசாரணை நடக்குறப்பவே ராஜினாமா பண்ணிட்டு நழுவுனவங்க, ரெண்டு ரகத்தையும் யுயுஏ பேர் போட்டு பொதுவுல வச்சிருக்கு. ரெண்டாவது ரகம்தான் முக்கியம், ஏன்னா ராஜினாமா பண்ணிட்டா கமிட்டிக்கு அதிகாரம் போயிடும், ஃபைலை மூடிட்டு அவர் அடுத்த ஊருக்கு சுத்தமான பேரோட போயிடுவாரு, இது எல்லா மதத்துலயும் நடக்குற பழைய வித்தை. பட்டியல் இருக்குறதால அந்த வித்தை முழுசா பலிக்காது. உங்க சபைக்கு புது பாஸ்டர் வர்றாருன்னா அஞ்சு நிமிஷம் செலவு பண்ணி பாத்துடுங்க, காசா பணமா.

இதே லிபரல் வரிசையில, யூத மதத்தோட தாராளவாதப் பிரிவான ரீஃபார்ம் யூதர்கள் என்ன பண்ணாங்கன்னு பாத்தா யுயு எவ்வளவு தூரம் போகணும்னு புரியும். அவங்க ரபிகளை, அதாவது யூத மதகுருக்களை, தயார் பண்ற ஹீப்ரூ யூனியன் காலேஜ் தலைவர், ரபிகள் சங்கம் சஸ்பெண்ட் பண்ணதால 2000 டிசம்பர்ல பதவி விலகுனாரு, காரணமா 'தனிப்பட்ட உறவுகள்'னு பூசி மெழுகுனாங்க, கொஞ்ச நாள்லயே வேற யூத அமைப்புல பெரிய பொறுப்பும் கிடைச்சுது. 2021ல அவர் முன்னாடி ரபியா இருந்த நியூயார்க் சென்ட்ரல் சினகாக்ங்கிற யூதக் கோயில் சொந்தமா விசாரிச்சு விஷயத்தை உறுப்பினர்களுக்கு கடிதமாவே எழுதிச்சு. அதுக்கப்புறம் காலேஜ், ரபிகள் சங்கம், சபைகளோட யூனியன் மூணும் தனித்தனியா வெளி வக்கீல்களை வச்சு பழைய கணக்கெல்லாம் தோண்டி ரிப்போர்ட்டை பப்ளிக்கா போட்டாங்க. காலேஜ் ரிப்போர்ட்ல செத்துப்போன முன்னாள் தலைவர் பேர் கூட வந்துச்சு, "போனவரை ஏன் இழுக்குறீங்க"ன்னு யாரும் மறைக்கல. இருபது வருஷம் லேட்தான், ஆனா சொந்தக்காரங்களை விட்டு விசாரிக்காம வெளி ஆளை வச்சாங்க பாருங்க, யுயுகாரங்க காப்பியடிக்க வேண்டியது அதைத்தான்.

ரேட்டிங்: அஞ்சுக்கு ரெண்டரை. பட்டியலுக்கு ஒண்ணரை, துணைக்கு ஆள் குடுக்குறதுக்கு ஒண்ணு. சபைக்கும் பாஸ்டனுக்கும் நடுவுல புகார் குடுத்தவ விழுற பள்ளம் அப்படியே இருக்கு, அதனால மீதியைக் குடுக்க மனசு வரல.

சேரப்போறவங்க போர்டு பிரசிடென்ட்கிட்ட நேரா கேளுங்க: பாஸ்டர் மேல புகார்னா இங்க யார்கிட்ட சொல்லணும், எழுத்துல விதி இருக்கா, போன பாஸ்டர் ஏன் போனாருன்னு. சிரிச்சு மழுப்புனா அதுவே ஒரு பதில். இன்னொரு விஷயம், மின்னசோட்டா, டெக்சஸ் மாதிரி சில மாநிலங்கள்ல ஆறுதல் தேடி வந்தவங்ககிட்ட மதகுரு அந்த நிலைமையைப் பயன்படுத்தி உறவு வச்சா கிரிமினல் குற்றம், "அவளும் சம்மதிச்சா"ன்னு சொல்லி தப்பிக்க முடியாது. சின்னப் புள்ளைங்க விஷயம்னா எந்த மாநிலமா இருந்தாலும் முதல் போன் போலீசுக்குப் போகணும், கமிட்டிக்கு அப்புறம் எழுதிக்கலாம்.